இரண்டரை விரல்

எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காத ஒரு வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அக்காவின் முதுகை அளக்கிற வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அளக்க ஸ்கேல் எல்லாம் கிடையாது, விரல்தான். அக்கா சுவரைப் பார்த்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றித் தள்ளுவாள். தள்ளும்போது அவளுடைய வலது தோள்பட்டை எலும்பு, சரியாகச் சாத்தாத அலமாரிக் கதவு மாதிரி முதுகை விட்டு விலகி எழுந்து நிற்கும். அந்த இடுக்கில் என் விரல்களை நுழைத்து, எத்தனை விரல் போகிறது என்று சொல்ல வேண்டும். முதல் நாள் இரண்டரை விரல் போயிற்று. அந்த அரை விரலுக்காக எங்கள் இருவருக்கும் பெரிய சண்டையே நடந்தது. இரண்டுதான் என்று அவள் சாதித்தாள். தன் கண்ணால் பார்க்கவே முடியாத இடத்தைப் பற்றி அவள் எப்படிப் பேசலாம் என்பது என் கட்சி.

இது எப்படித் தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனேயில் தாபோடியில் குடியிருந்தோம். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அப்பாவுக்கு ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ராணுவ நர்ஸிங் படிப்புக்கு எழுதிப் போட்டாள். பரீட்சையில் பாஸ், நேர்முகத்தில் பாஸ், கடைசியாக மெடிக்கல். அங்கே ஒரு பெண் டாக்டர் அவளைச் சுவரைத் தள்ளச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். பதினெட்டு வருஷம் அந்த முதுகு எங்கள் கண் முன்னால்தான் நடமாடிக்கொண்டிருந்தது, எங்களில் ஒருத்தரும் அதைக் கவனித்ததில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும், அதற்குள் எலும்பு படிந்தால் சேர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்து அப்பா தீர்ப்பைச் சொன்னார்.

“பாஸானா அவ போட்டும். இல்லன்னா தையில எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிருவோம்.”

எங்க அக்கா வீடு என்று அவர் சொன்னது தென்காசிப் பக்கம் இருக்கிற எங்கள் அத்தை வீட்டை. அத்தைக்கு ஒரே மகன். முறைக்கு எங்களுக்கு அத்தான். உரக்கடை வைத்திருந்தார். அக்கா பிறந்த அன்றே அந்த வீட்டுக்கு என்று பேசி வைத்தது. அத்தான் நல்லவர்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தருவார். ஆனால் அக்காவுக்கு அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல ஒன்றுமே இருந்ததில்லை. அப்பாவோ தாய் மாதிரி வளர்த்த தமக்கையிடம் மாட்டேன் என்று சொல்லவும் முடியாமல், மகளிடம் போகாதே என்று சொல்லவும் மனசு வராமல் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக நின்றார். முடிவை எலும்பின் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

அப்பாவின் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி பார்க்கிற ஒரு மராத்திப் பெண்மணி இருந்தார். அக்காவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தத் தோளில் என்ன சுமந்தாய் என்று கேட்டார். அக்கா யோசித்து, தண்ணீர் என்றாள். எங்கள் மாடிக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது. பத்து வயதிலிருந்து கீழே பிடித்து, கேனை வலது தோளில் வைத்து அவள்தான் தூக்கி வருவாள். அம்மா அந்த நேரம் பார்த்துச் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஒரு கருவியும் வேண்டாம், உன் உடம்பும் ஒரு சுவரும் போதும், இனித் தண்ணீர் மட்டும் தூக்காதே என்று சொல்லி அந்தப் பெண்மணி ஒரு சீட்டின் பின்பக்கம் குச்சி குச்சியாக மனிதர்களை வரைந்து கொடுத்தார்.

அந்தக் குச்சி மனிதர்கள் பார்ப்பதற்குச் சும்மா நிற்பது போலத்தான் இருப்பார்கள். செய்து பார்த்தால்தான் தெரியும். சுவரில் கை ஊன்றி, முழங்கையை மடக்காமல், தோள்பட்டையை மட்டும் பின்னால் விட்டு முன்னால் தள்ள வேண்டும். ஒரு அங்குலம் போய் ஒரு அங்குலம் வருவதுதான் மொத்தப் பயிற்சியும். முழங்கை மடங்கினால் அந்தத் தடவை கணக்கில் சேராது. அதன் பிறகு முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று கைகளைச் சுவரிலேயே வழுக்கி மேலே ஏற்றி இறக்க வேண்டும். அப்புறம் குப்புறப் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் விரித்துத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு வாரம் சுவர், இரண்டு வாரம் மாடிப்படி, கடைசி இரண்டு வாரம் தரை. கீழே போகப் போக உடம்பின் பாரம் கையில் கூடும். சுவரைத் தள்ளுவதாக நினைக்காதே, சுவரிடமிருந்து உன்னை அப்பால் தள்ளு என்று அந்தப் பெண்மணி இரண்டு தடவை ஹிந்தியில் சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றியது.

நான் மராத்திப் பள்ளியில் படித்ததால் ஏக், தோன், தீன் என்றுதான் எண்ணுவேன். பதினைந்து வந்தால் ஒரு செட். முழங்கை லேசாக மடங்கினாலும் விடமாட்டேன், பத்திலிருந்து திரும்ப ஏழுக்குப் போய்விடுவேன். வகுப்பில் மானிட்டராக்க யாரும் நினைக்காத எனக்கு இப்படி ஒரு அதிகாரம் கிடைத்தால் சும்மா இருப்பேனா. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் ஏழிலிருந்து செய்வாள். முதல் வார முடிவில் இரண்டு விரல் ஆயிற்று. அவள் சொன்ன கணக்குக்கு அன்றுதான் வந்து சேர்ந்தோம்.

இரண்டாம் வாரத்தில் அத்தை வந்து இறங்கிவிட்டாள். தம்பியைப் பார்த்து நாளாயிற்று என்பது ஆள் வைத்து எழுதிய கடிதத்தில் இருந்த காரணம். பையில் இருந்த பச்சைப் பட்டுச் சேலை வேறு காரணத்தைச் சொன்னது. அத்தை வருவதற்கு முந்தின நாள் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“எலும்புன்னு ஒரு சொல்லு ஒன் வாயிலருந்து வந்திச்சு, சூடு போட்டுருவேன். பொம்பளப் பிள்ள காரியம்ட்டி. அங்கயும் எடுக்காம இங்கயும் எடுக்காம போயிருவா.”

அதாவது, மெடிக்கல் தவறிப்போனால் கல்யாணமாவது மிஞ்ச வேண்டும். குறை என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அதுவும் மிஞ்சாது. அதனால் அத்தைக்குத் தெரியாமல் பயிற்சி நடக்க வேண்டும். அக்கா படிப்புக்கு ஏதோ ஒரு தாள் வர வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் காத்திருக்கிறோம் என்று அத்தையிடம் பொதுவாகச் சொல்லி வைத்தார்கள். இரண்டு அறை வீட்டில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்வது சாமானிய காரியமில்லை. நாங்கள் சாயங்காலம் காய்ந்த துணி எடுக்கப் போகும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. எண்ணுகிற சத்தம் படியில் இறங்கிப் போகும் என்று அக்கா பயந்ததால், வாயால் எண்ணாமல் அவள் நடு முதுகில் ஒரு விரலால் தட்டி எண்ணினேன். பதினைந்தாவது தட்டு மட்டும் பலமாக விழும். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் இருவரும் ஆளுக்கொரு துணியை உதறத் தொடங்குவோம்.

அத்தையின் கண் சாதாரணக் கண் இல்லை. வந்த மூன்றாம் நாளே கேட்டாள், ஆறு துணி எடுத்து வர அரை மணி நேரமா என்று. அதற்கடுத்த நாள், வயசுப் பிள்ளை கையை வீசிக்கொண்டு படி ஏறுகிறது, சின்னது குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறது, இது என்ன ஊர் வழக்கம் என்றாள். அம்மா ஏதோ தீட்டு கீட்டு என்று சமாளித்தாள். அதே காரணத்தை அடுத்த வாரமும் சொன்னபோது அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மாவுக்கு அந்த நாட்களில் தயிர் சாதம்கூட இறங்கவில்லை. யாராவது அக்காவின் முதுகுப் பக்கம் நடந்தாலே கையில் இருக்கிற பாத்திரம் நழுவியது. அக்காவோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். மாடிப்படியில் கை ஊன்றிச் செய்யத் தொடங்கிய பிறகு ஒன்றரை விரல், அப்புறம் ஒன்றே கால். அதிலேயே எட்டு நாள் நின்றுவிட்டது. ஒரு நாள் நான் ஒன்றே கால் என்றதும் அவள் திரும்பி என் கையைப் பிடித்து, “சரியாத்தான் பாக்கியா?” என்று கேட்டாள். அந்தப் பிடியில் என் விரல் சிவந்துவிட்டது. நான் அழவில்லை. 

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அத்தைக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. காய் வாங்கப் போனால் நான்தான் துணை. வண்டிக்காரன் ஒன்று சொல்ல, அத்தை ஒன்று சொல்ல, நடுவில் நான் இரண்டையும் எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொல்லி ஒரு வழியாக முருங்கைக்காய் வாங்கிவிடுவோம். அன்று திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. லோக்கல் வண்டி வருவதற்காக நின்றோம். அத்தை தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தாள். தையில் நல்ல நாள் மூன்று இருக்கிறதாம், நடுவில் வருவது விசேஷமாம், எனக்கும் ஒரு பாவாடை எடுத்திருக்கிறதாம். 

நான் அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி பொய். எனக்கு அவள் தென்காசிக்கும் போகக் கூடாது, ராணுவ ஹாஸ்டலுக்கும் போகக் கூடாது. அங்கேயும் எடுக்காமல் இங்கேயும் எடுக்காமல் போய்விடுவாள் என்று அம்மா பயந்தாளே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் எங்கேயும் போகாமல் என் பக்கத்துப் பாயில் படுக்க வேண்டும். ரயில் வரும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அத்தையின் முந்தானையை இழுத்து, அக்கா சுவரைத் தள்ளினால் முதுகு எலும்பு வெளியே வந்துவிடும், இரண்டரை விரல் இருந்தது, அதனால்தான் மிலிட்டரியில் எடுக்கவில்லை, வருகிற வியாழக்கிழமை திரும்பப் பார்ப்பார்கள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். ரயில் கடகடவென்று போயிற்று. அது போய் முடிகிற வரை அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் திறந்தது. மிளகாய் வாங்க மறந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அத்தை எப்போதும் போலவே இருந்தாள். அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுப்படியில் இரும்புக் கரண்டி விழுந்தால் அம்மா எனக்குச் சூடு போடத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில் இருந்தார். காலைப் பலகாரம் முடிந்ததும் அத்தை தன் காதைத் தடவிப் பார்த்து, தோட்டுத் திருகாணியைக் காணவில்லை என்றாள். பீரோவுக்கு அடியில் உருண்ட மாதிரி இருந்ததாம். எங்கள் பீரோ இரும்பு. அதற்குள் துணி, பாத்திரம், அப்பாவின் காகிதங்கள் எல்லாம் அடைந்து கிடக்கும். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அத்தை கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

“நீ வந்து தள்ளுட்டி. துப்பட்டாவைக் கழத்தி வச்சிரு. சடையை முன்னால போட்டுக்கோ, இடிக்கும்.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வயசுப் பிள்ளைக்கு எதற்கு, நான் தள்ளுகிறேன் மதினி என்று ஓடி வந்தாள். அத்தை அவளைக் கையால் ஒதுக்கிவிட்டாள். பீரோவுக்கு எதிரே, அக்காவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டாள். அக்கா துப்பட்டாவை எடுத்துக் கொடியில் போட்டாள். சடையை முன்னால் விட்டாள். அப்புறம் தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் தரையில் பாவியிருந்த ஷாஹாபாத் கல்லின் கோடுகளைப் பார்த்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு விரல் போயிற்று. சுவரைத் தள்ளும்போதே ஒரு விரல் என்றால், இந்த இரும்பைத் தள்ளும்போது சும்மா விட்டாலே எழுந்து நிற்கும். சட்டை மெல்லிசுப் பருத்தி. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாமல் போகாது. அக்காவே மனசு வைத்தால் இன்னும் நன்றாகக் காட்டலாம். அத்தை நாளைக்கே பெட்டியைக் கட்டுவாள், பச்சைச் சேலை வந்த வழியே போகும். எனக்குத் தெரிந்த சாமி பேரை எல்லாம் சொல்லி, எழும்பு, எழும்பு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா இரண்டு கைகளையும் பீரோவில் வைத்தாள். விரல்களை விரித்து ஒவ்வொன்றாகப் பதித்தாள். முழங்கையை நீட்டினாள். தள்ளுவதற்கு முன்னால் தோள்பட்டை இரண்டையும் மெதுவாக முன்னே கொண்டுபோய் விலாவோடு சேர்த்து நிறுத்தினாள், மொட்டை மாடியில் நூறு தடவை செய்த அதே மாதிரி. பிறகு காலை ஊன்றினாள். பீரோ கல்லில் கிறீச்சிட்டு ஒரு சாண் நகர்ந்தது. உள்ளே பாத்திரங்கள் கலகலத்தன. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது. முதுகு மட்டும் பலகை மாதிரி அப்படியே இருந்தது. அவள் நிறுத்தவில்லை. போதும் என்று அப்பா சொன்ன பிறகும் இன்னொரு சாண் தள்ளிவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அம்மா துடைப்பத்தை வைத்துத் தூசியெல்லாம் கிளறினாள். திருகாணி இல்லை. கெடக்கட்டும், பெறவு பார்ப்போம் என்று அத்தை உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் கழித்து அப்பாவிடம், பிள்ளைக்கு என்ன குறை, நல்லாத்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பூ வைத்து உறுதி செய்துவிடுவோம் என்றாள். அப்பா தயங்கி, வியாழக்கிழமை கழியட்டும் அக்கா, ஒரு வேலை இருக்கிறது என்று இழுத்தார்.

“அதான் வெள்ளிக்கிழமங்கேன்” என்றாள் அத்தை.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் எனக்குப் பொறுக்கவில்லை. அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று கேட்டுவிட்டேன். சும்மா வெளியே விட்டிருந்தால் அத்தை ஊருக்குப் போயிருப்பாளே, நீ ஏன் அப்படிச் செய்தாய், இப்போது பூ வைக்கப் போகிறார்களே என்று கத்தினேன். அழுகையும் கூடவே வந்தது. நீதானே சொன்னாய் என்று அவள் கேட்கவே இல்லை. தரையில் குனிந்து, இரண்டு கைகளையும் ஊன்றிக் காலை நீட்டினாள்.

“இன்னும் ரெண்டு செட்டு கெடக்கு. எண்ணு.”

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினேன். அன்று முக்கால் விரல்.

வியாழக்கிழமை என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பெண்கள் பக்கம் அப்பா போக முடியாது, யாராவது கூட இருக்கட்டும் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். புறப்படும் முன் அளக்கட்டுமா என்று கேட்டேன், அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். ராணுவ ஆஸ்பத்திரியில் எல்லாரும் வேகமாக நடந்தார்கள், யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு பச்சைத் திரைக்கு வெளியே என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். திரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. அதில் அக்காவின் வெறுங்கால் இரண்டும் டாக்டரின் கறுப்பு ஷூ இரண்டும் தெரிந்தன.

தள்ளு என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொன்னது. அக்காவின் குதிகால் லேசாக எழுந்து பதிந்தது. நான் என் தொடையில் விரலால் தட்டி எண்ணினேன். ஏக், தோன், தீன். இன்னொரு தடவை என்றது குரல். அப்படியே நில் என்றது. பதினொன்று எண்ணும்போது கறுப்பு ஷூ விலகி வெளியே வந்தது. டாக்டர் என்னைக் கடந்து போய் எதிர் அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூட்டி வந்தார்.  முதல் தடவையும் இப்படித்தானே இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இப்போது திரைக்குக் கீழே நான்கு ஷூ. அக்காவின் கால் அதே இடத்தில் ஊன்றி இருந்தது, கட்டை விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. தரையில் செய், பார்ப்போம் என்றார்கள். அவளுடைய உள்ளங்கைகள் தரைக்கு வந்தன. முழங்கை மடங்கவில்லை. என்னால் சத்தியம் பண்ண முடியும், ஒரு தடவைகூட மடங்கவில்லை. பதினைந்து தாண்டி, செட் முடிந்த பிறகும் அவர்கள் நிறுத்தச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வரை போனது.

அக்கா வெளியே வந்தபோதும் முடிவு என்ன என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா தண்ணீர் குடிக்கப் போவதும் குடிக்காமல் திரும்பி வருவதுமாக இருந்தார். கடைசியில் ஒரு தாள் வந்தது. அடியில் ஃபிட் என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, வட்டமான முத்திரை. அதைப் படிக்க அப்பாவுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. படித்து முடித்தவர் அக்காவைப் பார்க்காமல் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சந்தோஷமா, வீட்டில் போய் என்ன சொல்வது என்ற பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்காமல், கண்ணீர் மட்டும் வழிய வழிய அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை தரையில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.  அவர் கையில் இருந்த தாளை அத்தை ஏறிட்டுப் பார்த்தாள். படிக்கத் தெரியாத அவளுக்குத் தாள் வேண்டாம், ஆட்களின் முகம் போதும். கீரையிலிருந்து கையை எடுக்காமல் அக்காவிடம் கேட்டாள்.

“அங்க என்னட்டி செய்யச் சொன்னாவ?”

“செவரத் தள்ளச் சொன்னாவ அத்தை.”

“நம்ம பீரோவக் காட்டிலும் கனமாவா இருந்துச்சு?”

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். அத்தை கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, முந்தானை முனையில் போட்டிருந்த சின்ன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே இருந்தது திருகாணி. அதை எடுத்துக் காதில் போட்டு நிதானமாகத் திருகிக்கொண்டாள். அப்புறம் அப்பாவிடம், சனிக்கிழமை வண்டிக்கு எனக்கு டிக்கெட் போடு என்றாள். அவள் கோபமாகப் போகிறாள் என்று அம்மா மூன்று நாள் அழுதாள். ஆனால் எலும்பைப் பற்றி அத்தை ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மகனுக்கு ஜாதகம் சேரவில்லை என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டாள். பச்சைச் சேலையை அக்காவுக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்கா படித்து முடித்து, எங்கெங்கோ வேலை பார்த்து, சில வருஷம் கழித்து ஒரு விடுமுறையில் வந்திருந்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க அந்தப் பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. அவள்தான் தள்ளினாள். நான் பழக்கதோஷத்தில் பின்னால் போய் விரலை வைத்துப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. அப்போதுதான் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அன்றைக்கு எலும்பை வெளியே விட்டிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்குமே, மெடிக்கலும் தவறியிருந்தால் உன் கதி என்ன, எதற்காகப் பிடித்து நிறுத்தினாய் என்று.

அவள் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள்.

“கொற உள்ளவன்னு யாரும் என்னைய விட்டுட்டுப் போகக் கூடாதுட்டி. நானாத்தான் போணும்.”

இவ்வளவு சாதாரணமான ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று. ஆறு வாரமும் எண்ணினேன், அளந்தேன், அரை விரலுக்குச் சண்டை போட்டேன், ரயில்வே கேட்டில் காட்டிக்கொடுக்கவும் செய்தேன். அவ்வளவு நாளும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரு தடவைகூட முன்னால் போய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.